அலைகரையில் பூங்காவா? முதலில் சுற்றாடல் அறிக்கையைக் காட்டுங்கள்

வட இலங்கையில், வன்னியில் இருக்கும் எங்கள் நகரத்தை விரிவாக்கப் போகிறார்கள் என்ற பேச்சு இப்போது எல்லா இடத்திலும் அடிபடுகிறது. புதிய சந்தைத் தொகுதி, பஸ் நிலையம், நடைபாதையோடு ஒரு பூங்கா, கொஞ்சம் தள்ளி வீட்டுத்திட்டம். இவை எங்களுக்குத் தேவை. 2009இல் போர் முடிந்த பிறகு எத்தனையோ அடிக்கல்லைப் பார்த்துவிட்ட சனம் ஒழுங்கான சந்தை ஒன்றைக் கேட்பதில் என்ன பிழை? ஆனால் வரைபடத்தில் பூங்கா என்று பச்சை பூசியிருக்கும் இடம் குளத்தின் அலைகரை, மாரியில் குளத்துத் தண்ணீர் ஏறி நிற்கும் ஓரநிலம். கோடையில் போனால் வெறும் புல்தரைதான், மாடு மேயும், பொடியள் கிரிக்கெட் விளையாடுவார்கள். மார்கழியில் போய்ப் பாருங்கள், அங்கே தண்ணீர் நிற்கும்.

வன்னியில் குளம் தனியே இருப்பதில்லை. மேலே உள்ள குளம் நிறைந்து வான் பாய்ந்தால், அதாவது மேலதிக நீர் வழிந்தால், அந்தத் தண்ணீர் வயல்களைக் கடந்து அடுத்த குளத்துக்கு வரும், அதுவும் நிறைந்தால் அதற்குக் கீழே உள்ளதற்கு, கடைசியில் ஆற்றுக்கோ களப்புக்கோ போய்ச் சேரும். இடையில் ஓரிடத்தில் கிரவல் கொட்டி நிரவினால் மழை குறையப் போவதில்லை, தண்ணீர் வேறு யாருடைய வீட்டுக்குள்ளாவது போகும். 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகளைத் திறக்க வேண்டி வந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததை இங்கே யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. கிணறுகளையும் யோசிக்க வேண்டும். வவுனியாப் பக்கம் போல அடியில் கருங்கல் உள்ள ஊர்களில், குளத்தில் தண்ணீர் நின்றால்தான் சுற்றியுள்ள கிணறுகளில் ஊறும்.

இதையெல்லாம் கட்டத் தொடங்குவதற்கு முன்பே கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தில் 1988இல் கொண்டுவந்த திருத்தத்தின் மூலம்தான் ஒரு திட்டம் சூழலை எப்படிப் பாதிக்கும் என்று முன்கூட்டியே ஆராயும் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயமானது. எந்தெந்தத் திட்டங்களுக்கு அது வேண்டும் என்ற பட்டியல் 1993இல் வர்த்தமானியில் வந்தது. 4 ஹெக்டேயருக்கு மேல் ஈரநிலம் நிரப்பினால் வேண்டும், 1 ஹெக்டேயருக்கு மேல் காட்டை வேறு தேவைக்கு மாற்றினால் வேண்டும், 1000 வீடுகளுக்கு மேல் கட்டினால் வேண்டும்.

எனக்குப் பயம் வருவது இந்த எண்களைப் பார்க்கும்போதுதான். பூங்காவுக்கு 3 ஹெக்டேயர், சந்தைக்கு 2, வாகனத் தரிப்பிடத்துக்கு இன்னொரு 2 என்று தனித்தனிக் கோப்பாக, தனித்தனி நிதியில் வந்தால் ஒன்றுகூட அந்த எல்லையைத் தொடாது, ஆனால் குளம் இழப்பது 7 ஹெக்டேயர். தண்ணீருக்குக் கோப்பு தெரியாது. அதனால் மதிப்பீட்டைக் காணித்துண்டு துண்டாகச் செய்யாமல் குளத்தொடர் முழுவதற்கும் சேர்த்துச் செய்ய வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

இது நடக்காத காரியம் என்று சொல்லிவிடவும் முடியாது. போருக்குப் பிறகு வட மாகாணம் முழுவதற்குமே ஒருங்கிணைந்த மூலோபாயச் சுற்றாடல் மதிப்பீடு என்று ஒன்றைச் செய்தார்கள், 2014இல் வெளியானது. காடு எங்கே, நீர் எங்கே, கனிமம் எங்கே, குடியிருப்புக்கு எது பொருத்தம் என்று வரைபடங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்த வேலை அது. நல்ல வேலை. ஒரு மாகாணத்துக்குச் செய்ய முடிந்ததை ஒரு நகரத்துக்குச் செய்ய முடியாதா?

அப்புறம், எந்த வகை மதிப்பீடு என்பதையும் கவனியுங்கள். முழு மதிப்பீடு என்றால் அறிவித்தல் மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் வர வேண்டும், நாங்கள் கருத்து எழுத 30 நாள் கிடைக்கும். ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனை என்று சின்னதாக முடித்தால் 2000ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் அந்த அறிக்கை பொது ஆவணம்தான், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் கொடுத்தும் கேட்கலாம், தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

அறிக்கை கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது அளவெடுத்த மாதத்தை. ஆவணி வெயிலில் வந்து அளந்துவிட்டு வெள்ள அபாயம் குறைவு என்று எழுதினால் அந்தப் பக்கத்துக்கு ஒரு பெறுமதியும் இல்லை, ஒரு மாரியாவது குளக்கட்டில் நின்று பார்த்திருக்க வேண்டும், குளத்து மதகான துருசையும் வாய்க்காலையும் பராமரிக்கும், விவசாயிகளின் கமக்காரர் அமைப்பிடம் விசாரித்திருக்க வேண்டும். அடுத்து, மாற்று இடங்கள். சுற்றாடலுக்குக் குறைவாகக் கெடுதி செய்யும் மாற்று வழிகள் எவை, அவற்றை ஏன் கைவிட்டார்கள் என்று அறிக்கையில் எழுத வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஏ9 வீதிக்கு அந்தப் பக்கம் மேட்டு நிலம் கிடக்கிறது. அது ஏன் சரிவராது என்று ஒரு பக்கமாவது எழுதட்டும். சந்தைக் கழிவுநீர் எந்த வாய்க்காலில் விழும் என்பதும் தெளிவாக வேண்டும், மாரிகால நெற்செய்கையான காலபோகத்துக்குப் பாயும் வாய்க்கால்தான் பக்கத்தில் ஓடுகிறது.

இதுவரை அறிக்கை எதுவும் வெளியே வரவில்லை. இரண்டு கமக்காரர் அமைப்புகளோடு பேசியிருக்கிறேன், தகவல் விண்ணப்பத்தைச் சேர்ந்து எழுதுகிறோம். அலைகரையில் எந்த வருடம் எதுவரை தண்ணீர் நின்றது என்று திகதியோடு படம் வைத்திருப்பவர்கள் எனக்கு அனுப்புங்கள், கருத்து எழுதும் 30 நாள் தொடங்கினால் படம் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.