சித்தியின் கணக்கில் மாமா நுழைந்த கதை

எங்கள் தெருவில் ஆன்லைன் விண்ணப்பம் என்றால் என்னைத்தான் தேடி வருவார்கள். சான்றிதழ், மின்கட்டணம் என்று மாதம் நாலைந்து பேராவது என் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். அடுத்தவர் கணக்கு என் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் தங்கிவிடக் கூடாதே என்று, மூடியதும் எல்லாவற்றையும் மறந்துவிடும் பிரைவேட் விண்டோவில்தான் எப்போதும் திறப்பேன். அது போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தியின் விண்ணப்பம் பாதியில் நின்றது. ஏதோ ஒரு காகிதத்தை எடுத்துவர அவர் வீட்டுக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு மாமா வந்தார். அவருக்கும் அதே தளத்தில்தான் வேலை. சித்தியின் விண்டோவைக் கீழே இறக்கிவிட்டு இன்னொரு பிரைவேட் விண்டோ திறந்தேன். லாகின் பக்கமே வரவில்லை. நேராக உள்ளே போய்விட்டது.

"என்னப்பா, உங்க சித்தி பேரு வருது?" என்றார் மாமா.

தப்பு என்னுடையது. உள்ளே நுழைந்தவர் யார் என்று அடையாளம் காணத் தளம் உலாவியில் விட்டுவைக்கும் சின்னக் குறிப்புதான் குக்கீ. பத்து பிரைவேட் விண்டோ திறந்தாலும் ஃபயர்ஃபாக்ஸில் அத்தனைக்கும் குக்கீ டப்பா ஒன்றுதான். கடைசி விண்டோவை மூடும்போதுதான் அது காலியாகும். குரோமின் இன்காக்னிட்டோவும் இப்படித்தான். சஃபாரி மட்டும் ஒவ்வொரு பிரைவேட் டேபையும் தனித்தனியாக வைக்கிறது, ஆனால் அது ஆப்பிள் கருவிகளுக்கானது, என்னிடம் இருப்பது லினக்ஸ். 2022 ஜூனில் ஃபயர்ஃபாக்ஸ் எல்லோருக்கும் கொண்டுவந்த முழு குக்கீ பாதுகாப்பும் இங்கே உதவாது. அது ஒரு தளத்தின் குக்கீயை இன்னொரு தளம் பார்க்காமல் தடுக்கும். ஒரே தளத்தில் இரண்டு பேர் நுழைந்தால் அதற்கு என்ன தெரியும்?

அன்று இரவே ஃபயர்ஃபாக்ஸில் மல்ட்டி-அக்கவுண்ட் கன்டெய்னர்ஸ் நீட்சியைப் போட்டேன். டேப்களை நிறம் கொடுத்துப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும், அதாவது கன்டெய்னருக்கும், தனிக் குக்கீ டப்பா கொடுக்கும் கூடுதல் வசதி அது. சித்திக்குப் பச்சை, மாமாவுக்கு ஆரஞ்சு. பக்கத்துப் பக்கத்து டேபில் இரண்டு பேரும் ஒரே தளத்தில் இருந்தார்கள், மோதவில்லை. எப்படி என்று பார்க்க ஆசையாக இருந்தது. குக்கீ, வரலாறு, அமைப்புகள் என்று ஃபயர்ஃபாக்ஸ் தன் தரவையெல்லாம் வைக்கும் புரொஃபைல் கோப்புறையில் இருக்கும் குக்கீ தரவுத்தளத்தைத் திறந்தேன். ஒரே தளம், ஒரே குக்கீ பெயர், இரண்டு வரிசை. ஒன்றின் ஓரத்தில் 6 என்ற எண், மற்றதில் 7. வித்தியாசம் அவ்வளவுதான். ஒரே அலமாரியில் ஆளுக்கொரு தட்டு ஒதுக்கிய மாதிரி.

அப்புறம் ஆசை அடங்கவில்லை. டெம்பரரி கன்டெய்னர்ஸ் என்ற நீட்சியையும் சேர்த்தேன். வேண்டும்போது ஒரு கன்டெய்னரை உருவாக்கி, டேபை மூடிய கொஞ்ச நேரத்தில் குக்கீகளோடு அதை நீக்கிவிடும். அதோடு விட்டிருக்கலாம். தளம் மாறினால் கன்டெய்னரும் மாற வேண்டும் என்ற கடுமையான அமைப்பையும் போட்டு வைத்தேன். விளைவு, பணம் கட்டும் பக்கத்துக்குத் தாவியதும் புது கன்டெய்னர், அங்கிருந்து திரும்பி வந்தால் இன்னொரு புது கன்டெய்னர். விண்ணப்பத் தளத்துக்கு நான் யாரென்றே தெரியவில்லை. கணக்கில் பணம் குறைந்துவிட்டது, ரசீது இல்லை. பணம் நாலு நாள் கழித்துத் திரும்பியது. அந்த நாலு நாளும் சித்தி முகத்தில் முழிக்கவே கூச்சமாக இருந்தது. அந்த அமைப்பைக் கழற்றிவிட்டேன்.

ஆனாலும் மனசு ஒப்பவில்லை. காரணம், மாமாவின் படிவத்தில் கைபேசி எண் கட்டத்தைத் தொட்டதும் சித்தியின் எண் பரிந்துரையாக எட்டிப் பார்த்தது. கன்டெய்னர் குக்கீயைப் பிரிக்கும். வரலாறு, படிவத்தில் தட்டியது, சேமித்த கடவுச்சொல் எல்லாம் எல்லா கன்டெய்னருக்கும் பொது. பிரைவேட் விண்டோ மறக்கும், பிரிக்காது. கன்டெய்னர் பிரிக்கும், மறக்காது. பிரைவேட் விண்டோவுக்குள் கன்டெய்னரைத் திறக்கலாமே என்றால் அதற்கும் வழியில்லை.

கடைசியில் ஆளுக்கொரு தற்காலிகப் புரொஃபைல்தான் சரிப்பட்டது. சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று எழுதினேன். அது வெற்றுக் கோப்புறை ஒன்றை உருவாக்கி, அதையே புரொஃபைலாகக் கொடுத்து ஃபயர்ஃபாக்ஸைத் திறக்கும். மூடியதும் கோப்புறையை அழிக்கும். முதல் முறை 'புரொஃபைலை ஏற்ற முடியவில்லை' என்று வந்தது. என் லினக்ஸான உபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப் பொதியாக, அதாவது மற்ற கோப்புகளிலிருந்து வேலி போட்டுப் பிரித்த வடிவில், இருக்கிறது. ஸ்னாப்புக்குத் தனி டெம்ப் கோப்புறை, நான் உருவாக்கியது அதன் கண்ணுக்கே படாது. இது உறைக்க அரை மணி நேரம் ஆயிற்று. கோப்புறையை வீட்டு அடைவுக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. இப்போது இரண்டு பேர் வந்தால் இரண்டு ஃபயர்ஃபாக்ஸ். ஒன்றுக்கு மற்றது இருப்பதே தெரியாது. வெளியே இருக்கும் தளத்துக்கு இரண்டும் என் வீட்டு ஐபி முகவரிதான், அதை மறைப்பது என் நோக்கமும் இல்லை.

பெரிய ஓட்டையை ஒரு மாதம் கழித்துத்தான் பார்த்தேன். டவுன்லோட்ஸ் கோப்புறையில் ஊரில் பாதிப் பேருடைய பிடிஎஃப், ஆதார் நகல் உட்பட. இத்தனை நாள் குக்கீக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வாசலைத் திறந்து வைத்திருந்திருக்கிறேன். பதிவிறக்கமும் அந்தத் தற்காலிகக் கோப்புறைக்குள்ளேயே விழும்படி மாற்றினேன்.

மறுவாரமே சித்தியின் சான்றிதழை இறக்கி, பென் டிரைவில் போடாமல் விண்டோவை மூடிவிட்டேன். சான்றிதழும் கோப்புறையோடு போயிற்று. திரும்பவும் லாகின், திரும்பவும் ஓடிபி. "என்னடா பண்ற?" என்றார் சித்தி. அழிக்கும் முன் 'நகல் எடுத்தாச்சா?' என்று கேட்கும் வரியொன்றை அன்று மாலை ஸ்கிரிப்டில் சேர்த்தேன்.