சின்ன அலமாரியில் இரண்டாவது ராடு

மூன்று வாரமாக என் மாலை நேரமெல்லாம் படுக்கையறைச் சுவர் அலமாரியோடுதான் போகிறது. உள்ளே அகலம் 36 அங்குலம், ஆழம் 22, உயரம் 84. தரையிலிருந்து 66 அங்குலத்தில் ஒரு மர ராடு, அதற்கு நான்கு அங்குலம் மேலே ஒரு தட்டு. அவ்வளவுதான் அமைப்பு. கதவைத் திறந்தால் தட்டிலிருந்து ஏதாவது சரியும். தரையில் பைகளும் மடித்த பேண்ட்களும் குவிந்து கிடக்கும்.

முதல் நாள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். அதற்கு முன்னால் ஒன்று தோன்றியது. துணிகள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே, ராடிலிருந்து ஒவ்வொன்றின் கீழ் விளிம்பு வரை டேப் பிடித்து அளந்து எழுதினேன். சட்டைகள் எல்லாம் 33 முதல் 35 அங்குலத்துக்குள். ஹேங்கரில் இரண்டாக மடித்துப் போட்ட பேண்ட் 28. ஒரு மழைக்கோட்டும் இரண்டு நீள உடைகளும் மட்டும் 52 வரை இறங்கின. அப்படியானால் சட்டை விளிம்புக்கும் தரைக்கும் நடுவில் 31 அங்குலம் சும்மா கிடக்கிறது. இத்தனை நாள் இடமே இல்லை என்று புலம்பிய அலமாரியில், ஒரு வரிசை பேண்ட் முழுவதும் தொங்குகிற அளவு இடம் இருந்திருக்கிறது.

ஆனால் 31 அங்குலத்தில் 28 அங்குலப் பேண்டைத் தொங்கவிட்டால் மூன்று அங்குலம்தான் மிஞ்சும். ஹேங்கரின் கொக்கியைத் தூக்கி எடுக்கவும் ராடுக்கு மேலே இரண்டு அங்குலமாவது வேண்டும். அதனால் மேல் ராடை 71க்கும் தட்டை 74க்கும் ஏற்ற முடிவு செய்தேன். சட்டைகள் 36 அங்குலத்தில் முடியும். கீழ் ராடு 34இல். பேண்ட் தரைக்கு ஆறு அங்குலம் மேலே நிற்கும், அதற்குக் கீழே ஒரு வரிசைச் செருப்பு வைக்கலாம். காகிதத்தில் இந்தக் கணக்கு ஒத்துவந்தபோது வந்த சந்தோஷம் பெரிது.

கீழ் ராடுக்கு முதலில் சுவரில் துளையே போடாமல் பார்க்கலாம் என்று டென்ஷன் ராடு வாங்கினேன். இரண்டு பக்கச் சுவரையும் ஸ்ப்ரிங் விசையால் தள்ளிக்கொண்டு நிற்கும் ராடு. மாட்டியதும் அருமையாக நின்றது. நான்காம் நாள் நடு இரவில் தடதடவென்று சத்தம். பேண்ட் பன்னிரண்டும் தரையில். வெயிங் மெஷினில் வைத்துப் பார்த்தேன், ஹேங்கரோடு சேர்த்து எட்டு கிலோ. அந்த ராடைத் தாங்குவது அதன் ரப்பர் முனைக்கும் சுவருக்கும் உள்ள உராய்வு மட்டும்தான். நீட்ட நீட்ட அது தாங்கும் எடையும் குறையும். நான் 36 அங்குலத்துக்கு, ஏறக்குறைய அதன் எல்லை வரை நீட்டியிருந்தேன். இழுத்துக்கொண்டு இறங்கிய தடம் இரண்டு பக்கப் பெயிண்டிலும் ஒரு சாண் நீளத்துக்கு இருக்கிறது. மெல்லிய துண்டுகள் போட இந்த ராடு போதும், பேண்டுக்கு வேண்டாம்.

அப்புறம் மேல் ராடிலிருந்தே இரண்டு சங்கிலி விட்டு, அதில் கீழ் ராடைத் தொங்கவிட்டேன். இந்தத் தடவை எதுவும் விழவில்லை. ஆனால் இரண்டு நாளில் சட்டைகள் எல்லாம் நடுப்பக்கமாக நகர்ந்து சேர ஆரம்பித்தன. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால் மர ராடு நடுவில் கண்ணுக்குத் தெரியும்படி தொய்ந்திருந்தது. ஒரு ராடின் பாரத்தை இரண்டு ராடுக்குரிய பாரமாக்கிவிட்டேனே!

இங்கே எனக்கு உதவியது ஒரு எளிய விதி. பாரம் சீராகப் பரவிய ஒரு ராடில், தாங்கிகளுக்கு இடையே உள்ள தூரம் பாதியானால், தொய்வு பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். தடித்த ராடு தேடி அலைவதைவிட நடுவில் ஒரு தாங்கி கொடுப்பது பல மடங்கு பலன் தரும். மரத்தை எடுத்துவிட்டு ஓர் அங்குல ஸ்டீல் பைப் போட்டேன். பின்சுவரில் திருகி, தட்டையும் ராடையும் சேர்த்துத் தாங்குகிற பிராக்கெட் ஒன்று கிடைத்தது. அதைச் சரியாக நடுவில் வைக்காமல், வலது சுவரிலிருந்து 20 அங்குலத்தில் பிளக் அடித்துத் திருகினேன். காரணம் இருக்கிறது. கீழ் ராடு அந்த 20 அங்குலத்துக்கு மட்டும்தான். அதன் வலது முனை சுவரில், இடது முனை பிராக்கெட்டை ஒட்டித் தொங்கும் சங்கிலியில். பாரம் பைப்பின் நடுவில் விழாமல் நேராகப் பிராக்கெட் வழியாகச் சுவருக்குப் போகிறது. இடது பக்கத்தில் மழைக்கோட்டும் நீள உடைகளும் தடையில்லாமல் இறங்குகின்றன. அவற்றுக்குக் கீழே 19 அங்குலம் மிச்சம், பெரிய பை ஒன்று நிமிர்ந்து நிற்கிறது.

ஹேங்கர்களையும் மாற்றினேன். பழையவை தோள் அகலமான மர ஹேங்கர்கள், 24 சட்டைக்கு 34 அங்குலம் பிடித்தன. வழுக்காத, மெல்லிய ஹேங்கருக்கு மாற்றியதும் அதே சட்டைகள் 22 அங்குலத்தில் அடங்கிவிட்டன. இவ்வளவு குறைந்த வேலைக்கு இவ்வளவு இடம் வேறு எதிலும் கிடைக்கவில்லை. மழைக்கோட்டுக்கு மட்டும் மர ஹேங்கரையே விட்டுவைத்தேன், கனமான துணிக்கு மெல்லியது தோளில் தடம் பதித்துவிடும்.

மேல் தட்டில் நான் சறுக்கிய இடத்தை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அலமாரிக்குள்ளே அளந்து பெட்டி வாங்குகிற எல்லோருக்கும் இது நேரும். தட்டுக்கு மேலே கூரை வரை 10 அங்குலம். அதை நம்பி ஒன்பது அங்குல உயரப் பெட்டிகள் வாங்கி வந்தேன். உள்ளே போகவே இல்லை. கதவு நிலையின் மேல்கட்டை 80 அங்குலத்திலேயே வந்துவிடுகிறது. தட்டுக்கும் அதற்கும் நடுவே ஆறு அங்குல வாய்தான். பெட்டியைச் சாய்த்து நுழைக்கவும் வழியில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு, ஐந்து அங்குல உயரத்தில், முன்பக்கம் கைப்பிடி உள்ள பெட்டிகள் வாங்கினேன். இப்போது இழுப்பறை மாதிரி முழுதாக வெளியே வருகின்றன. மடித்த பனியன்களை அதில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம் போல நிற்க வைத்திருக்கிறேன். இழுத்ததும் எல்லாம் கண்ணில் படுகின்றன, ஒன்றை எடுத்தால் மற்றது கலைவதில்லை. நிலைக்குப் பின்னால் மறைந்திருக்கும் மேல் நான்கு அங்குலம் பெட்டிக்கு உதவாது. துணிப் பைக்குள் திணித்த போர்வையைத் தட்டையாக அமுக்கிப் பெட்டிகள் மேல் தள்ளினேன், போய்விட்டது.

கதவின் உள்பக்கம் கொக்கி வைப்பதற்கும் அளவு உண்டு. ஹேங்கர் அகலம் 17 அங்குலம், அலமாரி ஆழம் 22. ராடு நடுவில் இருப்பதால் முன்னால் இரண்டரை அங்குலம்தான் மிச்சம். பெல்ட், ஸ்கார்ஃப் சரி. கைப்பை மாட்டிப் பார்த்தேன், கதவு மூடவில்லை.

ராடைப் பின்சுவரை ஒட்டி நகர்த்தினால் முன்னால் இன்னும் இடம் கிடைக்குமே என்று ஒரு யோசனை வந்தது. செய்யவில்லை. அது வெளிச்சுவர், துணி ஒட்டிக்கொண்டே இருந்தால் காற்று போகாமல் ஈரம் தங்கி, பூஞ்சை வாடை வரும். பின்னால் உள்ள இரண்டரை அங்குலம் வீணான இடம் இல்லை, துணி மூச்சுவிடுகிற இடம். இதே காரணத்துக்காக ராடையும் முழுக்க நிரப்பவில்லை. தினமும் காலையில் ஒரு மணி நேரம் கதவைத் திறந்து வைக்கிறேன்.

நேற்று மறுபடி ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். பைப் ஏற்றிப் பத்து நாள் ஆகிறது, குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவில் அசையாமல் நிற்கிறது. சட்டைகள் விட்ட இடத்திலேயே இருக்கின்றன. கீழ் ராடில் பேண்டை எடுக்கும்போது மட்டும் சங்கிலிப் பக்கம் லேசாக ஆடுகிறது. அந்த முனையைப் பின்சுவரோடு பிடிக்க ஒரு சின்ன ‘எல்’ பட்டை வெட்டி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை திருக வேண்டும்.