கள்ளியைப் பார்க்க டிக்கெட்டா? ஃபீனிக்ஸ் பாலைவனத் தாவரவியல் பூங்கா

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லர், டெம்பி பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால், இந்தப் பூங்காவுக்கு ஒருநாள் போவது வழக்கம். வாசலிலேயே கேள்வி வந்துவிடும்: “நம்ம ஊர் வேலியில இருக்கிற கள்ளியைப் பார்க்கவா காசு கொடுத்து டிக்கெட் வாங்கினே?” பகல் பதினொரு மணிக்கு அழைத்துப் போயிருந்தால் அவர்கள் கேட்பது நியாயம்தான். அந்த நேரத்தில் இரவுப் பூக்கள் வாடத் தொடங்கியிருக்கும், பறவைகள் நிழலில் ஒதுங்கியிருக்கும், வெயில் நேர்மேலே நிற்பதால் முள்ளின் அழகும் தெரியாது. அதே பாதையில் காலை ஏழரை, எட்டு மணிக்கு நடந்தால் காட்சியே வேறு.

பூங்கா இருப்பது பாபகோ பார்க்கின் சிவந்த பாறைக் குன்றுகளுக்கு நடுவே. ஸ்கை ஹார்பர் விமான நிலையத்திலிருந்து காரில் கால் மணி நேரம் ஆகும். குஸ்தாஃப் ஸ்டார்க் என்ற தாவர ஆர்வலரும் கெர்ட்ரூட் வெப்ஸ்டர் என்ற செல்வந்தப் பெண்மணியும் 1930களில் முன்நின்று தொடங்கிய முயற்சி இது. 1939இல் பூங்கா திறக்கப்பட்டது. மொத்தம் 140 ஏக்கர். அதில் செடி நட்டுப் பராமரிப்பது சுமார் 55 ஏக்கர். பாதைகள் ஒரு நடுவழியிலிருந்து கிளை பிரிந்து வளைந்து திரும்பும் சுற்றுகள். ஒவ்வொன்றும் சிறியதுதான், முட்டிவலிக்காரர்கள்கூட இடையிடையே உட்கார்ந்து உட்கார்ந்து நடக்கலாம். எல்லாச் சுற்றையும் ஒரே நடையில் முடிக்க நினைக்காதீர்கள். இரண்டு மணி நேரம்தான் இருக்கிறதென்றால், முகப்பை ஒட்டிய கள்ளிக் கூடங்களையும் ‘சோனோரன் பாலைவன மக்களும் தாவரங்களும்’ சுற்றையும் பார்த்தால் போதும். டிக்கெட்டை நேரம் குறித்து இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். திறக்கும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், அதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபீனிக்ஸில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 180 மில்லிமீட்டர். சென்னையில் ஒரு நல்ல ஐப்பசி மழை இரண்டே நாளில் அதைக் கொட்டிவிடும். ஆனால் அந்தக் கொஞ்ச மழையும் இரண்டு தவணையாக வருகிறது: குளிர்காலத்தில் மெல்லிய தூறல், ஜூலை முதல் செப்டம்பர் வரை இடியோடு கூடிய கோடைமழை. ஃபீனிக்ஸைச் சூழ்ந்திருக்கும் சோனோரன் பாலைவனம் வெறும் மணலாக இல்லாமல் மரமும் புதருமாக இருப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

எந்த மாதம் நல்லது? காட்டுப் பூக்களும் ஒகோட்டியோ என்ற முட்புதரின் சிவப்புக் கொத்துகளும் பார்க்க மார்ச். ஏப்ரலில் பாலோ வெர்டே மரம் உச்சி முதல் அடிவரை மஞ்சளாகிவிடும். அந்த மரத்தின் பட்டையே பச்சை நிறம். வறட்சியில் இலையை உதிர்த்துவிட்டுப் பட்டையாலேயே உணவு தயாரித்துக்கொள்ளும். சப்பாத்திக்கள்ளி பூப்பது ஏப்ரல், மே. சவாரோ பூப்பது மே, ஜூன். எங்களைக் கேட்டால் மே முதல் இரண்டு வாரம் என்போம். வெயில் ஏறிவிட்டாலும் காலை தாங்கும், கூட்டமும் குறைந்திருக்கும்.

சவாரோதான் இந்த ஊரின் அடையாளம். நாற்பது, ஐம்பது அடி உயரத்தில் கைகளைத் தூக்கி நிற்கும் அந்தக் கள்ளி. அதன் வெண்பூ இரவில் விரிந்து மறுநாள் பிற்பகலில் மூடிவிடும், ஒவ்வொரு பூவுக்கும் ஆயுள் அவ்வளவே. இரவில் வௌவாலும், விடிந்ததும் புறாவும் தேனீயும் வந்துபோகும். மொட்டுகள் தண்டின் உச்சியில் பெரும்பாலும் கிழக்குப் பக்கமாகவே திரளும். ஆகவே காலையில், சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி மரத்துக்குக் கிழக்கே நின்று பாருங்கள். படமும் நன்றாக வரும்.

அடுத்ததாக அதன் மடிப்புகளைக் கவனியுங்கள். விசிறி போல மடிந்த அந்தத் தோல், மழைக்குப் பின் நீரைக் குடித்து விரியும், வறண்டால் ஒடுங்கி மடிப்பு ஆழமாகும். வேரின் பெரும்பகுதி மண்ணுக்குக் கீழே ஒரு சாண்கூடப் போகாமல், மரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் பக்கவாட்டில் பரவியிருக்கும். மேல்மண்ணை நனைத்துவிட்டு ஓடும் மழையைப் பிடிக்க அதுவே வழி. வளர்ச்சியோ மிக மெதுவு. முதல் எட்டு ஆண்டில் ஒன்றரை அங்குலம்கூட வளராது. பூப்பதற்குச் சுமார் 35 ஆண்டு, முதல் கை முளைக்க 50 முதல் 70 ஆண்டு. கை இருக்கும் சவாரோவைப் பார்த்தால் அது நம் தாத்தா பாட்டி வயது என்று வைத்துக்கொள்ளலாம்.

இளம் சவாரோவைத் தேடுகிறவர்கள் வெட்டவெளியில் தேடக்கூடாது, மரத்தடியில் தேடவேண்டும். பாலோ வெர்டே, மெஸ்கீட் போன்ற மரங்களின் நிழலில்தான் அது வெயிலுக்கும் பனிக்கும் தப்பிப் பிழைக்கிறது. மெஸ்கீட் என்பது யார் தெரியுமா? நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. இராமநாதபுரத்துக்காரர் யாராவது கூட இருந்தால் இலையைப் பார்த்ததுமே முகம் சுளிப்பார். இங்கே அது சொந்த மண்ணின் மரம். அதன் இனிப்பான நெற்றை மாவாக அரைத்து உண்பது இங்குள்ள பூர்வகுடி மக்களின் பழைய வழக்கம். தன் ஊரில் இருக்கும் மரம் வேறு, கட்டுப்பாடின்றி இன்னொரு ஊருக்குள் விடப்பட்ட மரம் வேறு.

சப்பாத்திக்கள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து நமக்கு வந்ததுதான். பூங்காவில் அதன் மட்டைமேல் வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போலத் தெரிந்தால் நின்று பாருங்கள். பஞ்சுக்குள் இருப்பது கொச்சினீல் பூச்சி. நசுக்கினால் இரத்தச் சிவப்புச் சாயம் வரும், ஸ்பானியர்கள் மெக்சிகோவிலிருந்து ஏற்றுமதி செய்து பணம் பார்த்தது இதை வைத்துத்தான். அந்த வியாபாரத்தைப் பிடிக்க கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை சைதாப்பேட்டையில் இந்தக் கள்ளிக்கென்றே ஒரு தோட்டம் போட்டார். 1795இல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த பூச்சி தரமான சாயம் தரும் இனமல்ல. சாயத் தொழில் படுத்தது, பூச்சி மட்டும் கள்ளியைத் தின்று தீர்த்தது. பின்னால் 1920களில் வேறொரு கொச்சினீல் இனத்தை வேண்டுமென்றே கொண்டுவந்து தென்னிந்தியாவில் பரவிக்கிடந்த சப்பாத்திக்கள்ளியை ஒழித்தார்கள். டிக்கெட் கேள்வி கேட்ட அப்பாவிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.

ஆனால் கூடங்களில் கள்ளி போல நிற்பதெல்லாம் கள்ளிக் குடும்பமல்ல. நம் சதுரக்கள்ளி, திருகுகள்ளி வகைகள் யூஃபோர்பியா இனம். முள்ளின் அடியைப் பாருங்கள். அமெரிக்கக் கள்ளியில் ஒவ்வொரு முள் கொத்தும் பஞ்சு வைத்த சிறு பொட்டு ஒன்றிலிருந்து கிளம்பும். யூஃபோர்பியாவில் அந்தப் பொட்டு இருக்காது, கீறினால் பால் வடியும். பூங்காவில் கீறிப் பார்க்கக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தொல்லை தருவது சோய்யா என்ற கள்ளி. ‘டெடி பேர் சோய்யா’ என்பது தூரத்தில் பொம்மைக் கரடி போலப் புசுபுசுவென்றிருக்கும், குழந்தைகள் தொட ஓடுவார்கள். லேசாக உரசினாலே ஒரு கணு கழன்று உடம்பில் ஒட்டிக்கொள்ளும். முள்முனையில் பின்னோக்கிய சிறு கொக்கிகள் இருப்பதால் ஏறுவது சுலபம், இறங்குவது கடினம். கையால் பிடுங்கினால் கையும் மாட்டும். பையில் அகலப் பல் சீப்பு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கணுவுக்கும் தோலுக்கும் நடுவே சீப்பை நுழைத்து, ஆள் இல்லாத திசையில் ஒரே சுண்டாகச் சுண்டிவிட்டு, மிச்ச முள்ளை இடுக்கியால் எடுக்கலாம். சப்பாத்திக்கள்ளியின் மயிர் போன்ற நுண்முள் என்றால் தேய்க்கவே கூடாது, தேய்த்தால் உடைந்து உள்ளேயே தங்கும். இடுக்கியால் முடிந்தவரை எடுத்தபின், வெள்ளைப் பசையை மெல்லிய துணியோடு தடவிக் காயவிட்டு உரித்தால் மீதியும் வரும். ரப்பர் செருப்போடு போகாதீர்கள், தரையில் கிடக்கும் சோய்யா கணு அதைத் துளைக்கும்.

வெயிலைப் பற்றி. காற்றில் ஈரமே இல்லாததால் வியர்வை வந்த சுவடு தெரியாமல் ஆவியாகிவிடும். சென்னையில் சட்டை நனைந்து எச்சரிக்கும், இங்கே அந்த எச்சரிக்கை கிடையாது. தாகம் எடுக்கக் காத்திருக்காமல் மணிக்கு அரை லிட்டராவது குடிக்கவேண்டும், கோடையில் இன்னும் அதிகம். நீர் பிரியும் மாத்திரை எடுக்கும் பெரியவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பகல் நடையே வேண்டாம்.

கள்ளிக்கும் ஓர் எல்லை உண்டு. அது பகலில் தண்டிலுள்ள நுண்துளைகளை மூடிவைத்து, இரவு குளிர்ந்தபின் திறந்து மூச்சுவிடும் செடி. 2023 கோடையில் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் பகல் வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அதைவிட மோசம், தொடர்ந்து 16 இரவுகள் வெப்பம் 32 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. இரவிலும் மூச்சுவிட முடியாத சவாரோக்கள் உள்ளிருந்து நலிந்து கையை உதிர்த்தன, சில அடியோடு சாய்ந்தன. சிறிய கள்ளிகள்மேல் நிழல்வலை கட்டியிருப்பதைப் பார்த்து ‘பாலைவனச் செடிக்கு நிழலா’ என்று சிரிப்பவர்களுக்குப் பதில் இதுதான். குளிர்காலப் பனியும் கெடுதல் செய்யும், அப்போது இந்த ஊர் வீட்டுத் தோட்டங்களில் நெடுங்கள்ளிகளின் நுனியில் தெர்மாகோல் கோப்பையைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள்.

டிசம்பரில் வருகிறவர்கள் ‘லுமினாரியா’ இரவுகளுக்குத் தனி டிக்கெட் எடுக்கலாம். காகிதப் பைக்குள் மெழுகுவத்தி ஏற்றிப் பாதைநெடுக வைக்கும் வழக்கம் இங்கே 1978 முதல் நடக்கிறது. செடி பார்க்க அது உதவாது, இருட்டில் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் கூடுதலாக இருந்தால் கிழக்கே சுமார் 60 மைலில், சுப்பீரியர் ஊரை ஒட்டி பாய்ஸ் தாம்சன் ஆர்போரீட்டம் இருக்கிறது. 1920களில் தொடங்கிய அது அரிசோனாவின் மிகப் பழைய தாவரவியல் பூங்கா. உயரத்தில் இருப்பதால் வெயில் சற்றுக் குறைவு.

பூங்காவின் செடி விற்பனை வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நடக்கும். வாங்கும்போது தொட்டியின் தெற்குப் பக்கம் எது என்று கேட்டுக் குறியிட்டு, வீட்டிலும் அதே பக்கம் தெற்கு நோக்கும்படி நடுங்கள். திசை மாறினால் வெயில் பழகாத தோல் வெந்து மஞ்சளாகி, அந்தத் தழும்பு நிரந்தரமாக நிற்கும். நடும்போது வேர் அறுந்திருந்தால் ஒரு வாரம் தண்ணீர் காட்டாதீர்கள், ஈரம் பட்ட காயம் அழுகும். ஊருக்கு எடுத்துப்போகும் ஆசை இருந்தால், கள்ளிக் குடும்பம் ஏறத்தாழ முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்பாட்டின்கீழ் வருகிறது. ஏற்றுமதி அனுமதியும் செடிநலச் சான்றிதழும் இல்லாமல் பெட்டிக்குள் வைத்தால் விமான நிலையத்தோடு சரி.