15 வாரம் 12 ஆன செமஸ்டர்: லேப் நாட்குறிப்பு

ஜூன் 17, 2025, செவ்வாய்

சுற்றறிக்கை வந்துவிட்டது. இந்த ஆண்டிலிருந்து செமஸ்டர் 15 வாரம் இல்லை, 12 வாரம். ஜூலை 7 தொடக்கம், செப்டம்பர் 26 கடைசி வேலை நாள். மிச்சமாகும் வாரங்களைச் சேர்த்து ஆண்டுக் கடைசியில் ஒரு குறும்பருவம் வைக்கிறார்கள். அரியர் உள்ளவர்கள் அதில் உட்கார்ந்து படித்து முடிக்கலாம். இதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரே ஒரு பாடத்துக்காக ஒரு வருஷம் காத்துக் கிடந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

பாட நேரம் குறையாது என்று சுற்றறிக்கை இரண்டு இடத்தில் அழுத்திச் சொல்கிறது. வாரம் 3 மணி வீதம் 15 வாரத்துக்கு 45 மணி. இனி ஒரு வகுப்பு 60 நிமிடத்துக்குப் பதில் 75 நிமிடம். வாரம் மூன்று வகுப்பு, 12 வாரம், அதே 45 மணி. கணக்கு சரிதான். என்னை உறுத்துவது வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே கிடக்கிற நாட்கள். அதில் மூன்று வாரம் போய்விட்டது. அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

ஜூன் 20, வெள்ளி

மரபியல் லேப் அட்டவணையை வைத்துக்கொண்டு காலையிலிருந்து மல்லுக்கட்டுகிறேன். எங்கள் பாடம் பழ ஈயை, டிரோசோபிலாவை, நம்பி ஓடுகிறது. 25 டிகிரியில் முட்டையிலிருந்து ஈ வெளிவரச் சுமார் 10 நாள். 18 டிகிரியில் ஏறக்குறைய இரட்டிப்பு. லேப் நேரத்தை எவ்வளவு நீட்டினாலும் அந்தப் பத்து நாள் பத்து நாள்தான்.

ஒரு கலப்பு, அதாவது இரு வகை ஈக்களை இணைசேர்த்து வாரிசுகளை எண்ணுவது, முடியப் பெற்றோர், எஃப்-1 என்ற பிள்ளைகள், எஃப்-2 என்ற பேரப்பிள்ளைகள் என்று ஐந்து வாரம் ஆகும். ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டு கலப்பு: முதலில் குட்டைச் சிறகு, அதன் கணக்கைப் பார்த்த பிறகு வெள்ளைக் கண். இரண்டாவதை அவர்களே திட்டமிட வேண்டும் என்பதால் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செய்ய முடியும். பழகுவதற்கான முதல் வாரத்தையும் சேர்த்தால் பதினோரு வாரம். பழைய கணக்கில் நாலு வாரம் கையிருப்பு இருந்தது. குப்பியில் பூஞ்சை பிடித்தாலும், கை தவறி ஈ பறந்துவிட்டாலும் மறுபடி தொடங்கலாம். இப்போது ஒரு வாரம்தான் மிச்சம்.

வேறு வழி தெரியாமல் ஒரு படியை வெட்டினேன். பிறந்து எட்டு மணி நேரத்துக்குள் பெண் ஈக்களைப் பிரித்து எடுப்போம், அதற்குள் அவை இணை சேராது. பிரித்தவற்றைத் தனியாக நாலு நாள் வைத்துப் பார்ப்பது வழக்கம். குப்பியில் புழு தென்பட்டால் பிரித்ததில் தவறு என்று பொருள். இரண்டு கலப்புக்கும் அந்த நாலு நாளை எடுத்துவிட்டேன்.

ஜூன் 28, சனி

பணிக்கூட்டத்தில் ஒரு சக ஆசிரியர் கேட்டார்: "ஆக்ஸ்போர்டில் ஒரு டெர்ம் 8 வாரம்தானே மேடம்? அவங்க படிக்கலையா?" நியாயமான கேள்வி. அங்கே விடுமுறையிலும் படித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது முறையோடு சேர்ந்தது. ஜெர்மனியில் செமஸ்டர் என்றால் சொல்லுக்கு ஏற்ப ஆறு மாதம். விரிவுரை அதில் ஏறக்குறைய 14 வாரம். மீதி நாட்கள் தேர்வுக்கும் கட்டுரைக்கும். அமெரிக்காவில் குவார்ட்டர் முறைப் பல்கலைக்கழகங்கள் ஒரு பாடத்தைப் பத்து வாரத்தில் முடிக்கின்றன. அதற்கேற்ப பாடத்தின் அளவும் சிறியது. நாம் அளவைத் தொடவில்லை. 15 வாரப் போர்ஷனை அப்படியே 12 வாரத்தில் திணிக்கிறோம்.

மணி நேரத்தால் படிப்பை அளக்கும் பழக்கமே 1906 வாக்கில் அமெரிக்காவின் கார்னெகி அறக்கட்டளை வகுத்த அலகிலிருந்து வளர்ந்தது. பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் கொடுக்க எந்தக் கல்லூரி தகுதியானது என்று பார்ப்பதற்கான ஏற்பாட்டோடு சேர்ந்து பரவிய அலகு அது. உட்கார்ந்த நேரத்தைச் சொல்லும். மண்டையில் ஏறியதைச் சொல்லாது.

ஜூலை 16, புதன்

இணை சேராத பெண் ஈக்களைப் பிரிக்கும் வேலை, அதாவது வெர்ஜின் கலெக்‌ஷன். காலை ஏழரைக்கே பிள்ளைகள் வந்துவிட்டார்கள். ஈதரில் மயங்கிய ஈக்களை வெள்ளை அட்டையில் கொட்டி, மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கிறார்கள். அப்போதுதான் பிறந்தது வெளிறிப்போய் இருக்கும், வயிற்றில் ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். அதைக் கண்டுபிடித்ததும் ஒரு மாணவி "மேடம், இதோ!" என்று கத்திவிட்டாள். கத்தட்டும். நாளை கலப்பு.

ஜூலை 29, செவ்வாய்

அதே மாணவி தயங்கித் தயங்கி வந்தாள். குட்டைச் சிறகுப் பெண்ணையும் சாதாரண ஆணையும் சேர்த்தால் எஃப்-1 முழுக்க நீளச் சிறகாக வர வேண்டும். அவள் குப்பியில் 40 ஈ. அதில் 9 குட்டைச் சிறகு. பிரித்த பெண்களில் சில முன்பே தன் வகை ஆணோடு இணை சேர்ந்திருக்கின்றன. "நான் சரியாத்தான் பார்த்தேன் மேடம்." அவள் கண் கலங்கியிருந்தது. சரியாகத்தான் பார்த்திருப்பாள், ஓரிரண்டு தப்புவது யாருக்கும் நடக்கும். அந்த நாலு நாள் இருந்திருந்தால் புழு காட்டிக் கொடுத்திருக்கும். அந்தப் படியை எடுத்தது நான். அதை அவளிடமே சொன்னேன்.

மறுபடி செய்யச் சொல்லிவிட்டேன், இந்த முறை நாலு நாள் வைத்துப் பார்த்து. ஆகஸ்ட் 4-ல் கலப்பு வைத்தால் எஃப்-2 ஆகஸ்ட் 28-ல்தான் வரும்.

ஆகஸ்ட் 20, புதன்

தியரி வகுப்பில் ஒன்று கவனிக்கிறேன். மியோசிஸை, முட்டையும் விந்தணுவும் உருவாகும் செல் பிரிவை, முன்பெல்லாம் திங்கள், புதன், வெள்ளி என்று இரண்டு வாரம் பரப்பி நடத்துவேன். இப்போது ஒன்றரை வாரத்தில் முடிந்துவிடுகிறது. கடைசி 20 நிமிடம் பேனாக்கள் ஓடுகின்றன, முகங்கள் ஓடவில்லை. இன்டர்னலில் படம் எல்லோரும் அழகாக வரைந்திருக்கிறார்கள். குரோமோசோம் எண்ணிக்கை எந்தக் கட்டத்தில் பாதியாகிறது என்ற கேள்வியில்தான் தடுமாற்றம். இடைவெளி விட்டுப் படித்தால் நெடுநாள் நிற்கும் என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்னையே சோதித்து எழுதிவைத்தார். இனி வகுப்பின் முதல் 10 நிமிடம் போன வாரப் பாடத்துக்கு என்று வைத்துக்கொண்டேன். போர்ஷன் பின்தங்கும். பரவாயில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

அந்த மாணவி மறுபடி செய்த முதல் கலப்பு நல்லபடியாக முடிந்தது: நீளச் சிறகு 214, குட்டைச் சிறகு 69. எதிர்பார்த்த மூன்றுக்கு ஒன்று. அந்த விகிதத்திலிருந்து எண்ணிக்கை எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் கை-ஸ்கொயர் 0.06. இன்று இரண்டாவதின் எஃப்-1 வந்திருக்கிறது. வெள்ளைக் கண் தாய், சிவப்புக் கண் தந்தை. மகள்கள் எல்லாம் சிவப்பு, மகன்கள் எல்லாம் வெள்ளை. கண் நிறத்துக்கும் பாலினத்துக்கும் உள்ள இந்தத் தொடர்பை 1910-ல் அமெரிக்க மரபியலாளர் மார்கன் ஒரு வெள்ளைக் கண் ஆணிலிருந்து பிடித்தார். அவள் ஆண்களைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தாள். எஃப்-2 வர செப்டம்பர் 25 ஆகும். மறுநாள் லேப் மூடுகிறார்கள்.

செப்டம்பர் 19, வெள்ளி

நாள்காட்டிக் குழுவுக்கு இரண்டு பக்கக் கடிதம். 15 வாரம் திரும்ப வேண்டும் என்று கேட்கவில்லை. உயிரினங்களை வைத்து வேலை செய்யும் லேப்களைத் தேர்வு வாரங்களிலும் திறந்து வையுங்கள். தவறியவர் மறுபடி செய்ய அந்த நாட்கள் வேண்டும். ஒரு கலப்பின் தேதிகளை அப்படியே அட்டவணையாக வைத்தேன். துறைத்தலைவர் சார் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "இந்த முறைக்கு நான் சாவி தர்றேன், அடுத்ததை கவுன்சில் பார்க்கட்டும்" என்றார்.

அக்டோபர் 3, வெள்ளி

நாளை அவளுக்குத் தேர்வு. ஆனாலும் நாலு மணிக்கு லேபில் இருந்தாள். வேறு யாரும் இல்லை, இன்குபேட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் அட்டையைப் பிடித்துக்கொள்ள, அவள் எண்ணினாள். சிவப்புக் கண் பெண் 52, வெள்ளைக் கண் பெண் 49, சிவப்புக் கண் ஆண் 55, வெள்ளைக் கண் ஆண் 47. நாலும் சமமாக வர வேண்டியவை. ரெக்கார்டு நோட்டில் எழுதி, கணக்குப் போட்டு, என் பக்கம் திருப்பினாள். கை-ஸ்கொயர் 0.72.

பிறகு குப்பிகளைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.