குறி ஏன் திரும்புகிறது?

ஆசிரியர்களே, "குறை எண்ணால் பெருக்கினால் அசமன்பாட்டின் (<, > கொண்ட ஒப்பீட்டின்) குறியைத் திருப்பு" என்று விதியை மட்டும் சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். எண்கோட்டிலேயே காரணம் இருக்கிறது. 2 < 5. இரண்டையும் −1 ஆல் பெருக்குங்கள். பூச்சியத்தின் மறுபக்கம் போனதும் −5 தான் இடப்புறம் தள்ளி நிற்கிறது. ஆகவே −2 > −5. இதைப் பார்த்த பிள்ளை விதியை மனப்பாடம் செய்யவே தேவையில்லை.

வரைபடம் இன்னும் அழகு. எக்ஸ் + ஒய் < 4 என்றால் எக்ஸ் + ஒய் = 4 என்ற எல்லைக்கோடு விடையில் சேராது. அதனால் அதைத் துண்டு துண்டான கோடாக வரைகிறோம். எந்தப் பக்கம் நிழலிடுவது? ஆதிப்புள்ளியை, அதாவது (0, 0)-ஐப் போட்டுப் பாருங்கள்: 0 < 4, உண்மை. அந்தப் பக்கம் முழுவதும் விடை! ஒற்றை எண்ணையே தேடிப் பழகிய பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய திறப்பு! கோடு ஆதிப்புள்ளி வழியே சென்றால் மட்டும் வேறொரு புள்ளியை எடுக்கச் சொல்லுங்கள்.