கிளிநொச்சியில் ஒரு பெட்டி, வெள்ளவத்தையில் ஒரு பெட்டி

சித்திரை வருடப்பிறப்பு அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு, காற்றின் வெப்பநிலையை அளக்க நானே செய்த பெட்டி 41.3 பாகை செல்சியஸ் காட்டியது. கிளிநொச்சிக்கு நேர் உச்சியில் சூரியன் வருவது ஏறக்குறைய அந்த நாளில்தான். அதனால் நம்பிவிட்டேன். ஐயா நம்பவில்லை. "இதைவிட எறிச்ச நாளெல்லாம் வயலுக்க நிண்டனான் தம்பி. இண்டைக்கு அவ்வளவு இல்லை" என்றார்.

பெட்டி தொங்கியது தகரக் கூரைக்கு ஒரு முழம் கீழே. அதற்கும் கீழே சிமெந்து முற்றம். மேலிருந்து தகரம் சுட்டது, கீழிருந்து சிமெந்து சுட்டது. நடுவில் இருந்த சென்சர் இரண்டையும் சேர்த்துச் சொன்னது. ஐயா சொன்னதுதான் சரி.

முழுவதையும் கழற்றித் திரும்பச் செய்தேன். சென்சர் டி.எஸ்.18பி20, எஃகுக் குழாய்க்குள் இருக்கும் வகை. செய்தவர்கள் சொல்லும் பிழை எல்லை அரைப் பாகை. அது, சென்சரின் எண்ணை வாங்கி வைஃபையில் அனுப்புகிற இ.எஸ்.பி.8266 என்ற சின்ன மின்னணுப் பலகையோடு ஒரே டப்பாவுக்குள் கிடந்தது. பலகை வேலை செய்யும்போது தானே சூடாகும் என்பதை நான் யோசிக்கவில்லை. சென்சரை வயரில் நீட்டி மேலே எடுத்து, பலகையைத் தனியாகக் கீழே கட்டியதும், வெயிலே இல்லாத இரவில் 0.8 பாகை குறைந்தது.

வெயில் மறைப்புக்குப் பூச்சாடிக்குக் கீழ் வைக்கிற வெள்ளை பிளாஸ்ரிக் தட்டுகள் எட்டு. நடுவை வட்டமாக வெட்டி, மரை போட்ட கம்பி மூன்றில் விரலளவு இடைவெளி விட்டு அடுக்கினேன். வெயில் உள்ளே வராது, காற்று வரும். வெளிச்சவீடுகள் கட்டிய பொறியியலாளர் தோமஸ் ஸ்டீவன்சன் 1864இல் சொன்ன, சாய்ந்த சட்டங்களை இடைவெளி விட்டு அடுக்கிய வெள்ளைப் பெட்டியும் இதே வேலையைத்தான் செய்கிறது. உலக வானிலை அமைப்பு நிலத்திலிருந்து 1.25 முதல் 2 மீற்றர் உயரம் கேட்கிறது. வரம்போரப் புல்தரையில் ஒன்றரை மீற்றரில் நட்டேன்.

இரண்டாவது பெட்டியும் அதே அளவில் செய்தேன், கொழும்பில் இருக்கிற அக்காவின் மகனுக்காக. அனுப்ப முன் இரண்டையும் நொறுக்கிய ஐஸும் கொஞ்சத் தண்ணீரும் கலந்த போத்தலில் வைத்துக் கலக்கிக்கொண்டே பார்த்தேன். பூச்சியம் காட்ட வேண்டும். ஒன்று 0.1, மற்றது 0.4. பிறகு ஒன்பது நாள் பக்கத்தில் பக்கத்தில் நட்டு வைத்தேன். மத்தியானமும் விடியப்புறமும் அதே 0.3 வித்தியாசம் நின்றது. அதைக் கணக்கில் கழித்துவிடலாம். புதிதாகச் செய்கிறவர்களை நான் கெஞ்சிக் கேட்பது இந்த ஒன்பது நாளைத்தான். அது இல்லாமல் இரண்டு ஊரின் எண்களைப் பக்கத்தில் வைத்தால், ஊர் வேறா சென்சர் வேறா என்று ஒருபோதும் பிரித்தறிய முடியாது.

பெட்டி ஏ9 வழியாக பஸ்ஸில் போய் வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி பல்கனியில் ஏறியது. முதல் கிழமை பகலில் அங்கே எங்களைவிடக் குறைவு. கடற்காற்று. இரவில்தான் ஆச்சரியம்: அங்கே 28.6, இங்கே 24.3. "நகரத்தின் சூடு நாலு பாகை" என்று கொப்பியில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து வரைபைக் கீறிப் பார்த்தபோது ஒரு குழப்பம். இரவு பத்து மணிக்குக் கிட்ட, குறைந்துகொண்டு போக வேண்டிய கோடு திடீரென ஒன்றரைப் பாகை ஏறுகிறது. ஒவ்வொரு நாளும் அதே நேரம். வானம் மணிக்கூடு பார்த்துச் சூடாகாது. மருமகனிடம் கேட்டேன். எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மாமா, கீழ் வீட்டு ஏசியின்ர வெளிப்பெட்டி நேர கீழ இருக்குது. அவையள் படுக்கிற நேரம்தான் போடுறவை."

பெட்டியைப் பல்கனியின் மற்ற மூலைக்கு மாற்றினான். பிறகு மேல்மாடித் தண்ணீர்த் தாங்கிப் பக்கம். மேல்மாடியில் பகல் கூடியது, இரவு குறைந்தது. ஒரே கட்டடத்தில் மூன்று இடம், மூன்று விதமான நாள். இவற்றில் எது வெள்ளவத்தையின் வெப்பநிலை? மூன்றும் அந்தந்த இடத்துக்கு உண்மை. ஊருக்கு என்று சொல்லத் தகுந்தது ஒன்றும் இல்லை. உலக வானிலை அமைப்பு இடங்களை ஐந்து தரமாகப் பிரிக்கிறது. எல்லாவற்றிலும் மோசமான ஐந்தாம் தரத்து இடத்தால் மட்டுமே 5 பாகை வரை பிழை சேரலாம் என்கிறது. பல்கனி அந்த ரகம். சென்சரின் அரைப் பாகைக்கு நான் பட்ட பாடெல்லாம் அதற்கு முன்னால் சின்னது.

ஏசியைக் கழித்த பிறகும் இரவு வித்தியாசம் முழுதாகப் போகவில்லை. அதனால் கொங்கிரீட்டைத்தான் குற்றம் சொல்ல நினைத்தேன். இருநூறு வருடத்துக்கு முன் வானிலையைக் குறித்து வந்த லூக் ஹவார்ட் என்பவர் லண்டன் நகரையும் வெளியூரையும் ஒப்பிட்டு, இரவில் நகரம் 3.7 பாரன்ஹீட் பாகை, அதாவது சுமார் 2 செல்சியஸ் பாகை கூட என்று கண்டார். பகலில் அப்படி இல்லை. அவர் ஒப்பிட்டது லண்டனுக்குப் பக்கத்து வெளியூரை, ஒரே காற்று வீசுகிற இடத்தை. நான் ஒப்பிட்டது ஏறக்குறைய முந்நூறு கிலோமீற்றர் தள்ளி இருக்கிற கரையோரத்தையும் எங்கள் வயல்வெளியையும். கடல் பக்கத்தில் இருந்தால் கட்டடமே இல்லாவிட்டாலும் இரவு குளிராது. அடிக்கோடு போட்ட வரியை வெட்டிவிட்டேன்.

இப்போது மருமகன் பௌத்தாலோக மாவத்தையில் இருக்கிற வளிமண்டலவியல் திணைக்களத்தின் கொழும்பு எண்ணோடு தன் குறைந்தபட்சத்தை ஒப்பிட்டு எழுதுகிறான். நான் இங்கே மூன்றாவது பெட்டி ஒன்றைக் கிளிநொச்சிக் கடைத்தெருவில் ஒரு கூட்டாளியின் கடைப் பின்வளவில் நட்டேன். எங்கள் சின்ன நகரத்தில் என்ன வரப்போகிறது என்றுதான் நினைத்தேன். முகில் இல்லாத, காற்றில்லாத இரவுகளில் வயலைவிட ஒரு பாகைக்கு மேல் கூட நிற்கிறது. சிமெந்தும் தாரும் பகலில் வாங்கியதை இரவில் கொடுக்கின்றன, சுவர்கள் வானத்தை மறைப்பதால் அது மெல்லத்தான் வெளியேறுகிறது. தென்மேல் காற்றான சோளகம் அடித்த ஆனி, ஆடி இரவுகளில் வித்தியாசம் காணாமலே போனது. காற்று எல்லாவற்றையும் கலந்துவிடும்.

வயல் பெட்டியும் அசையாத அளவுகோல் அல்ல. சிறுபோக நெல்லுக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வந்தபோது சுற்றிவரத் தண்ணீர் நின்றது, பிறகு பயிர் நின்றது. பகல் உச்சம் தாழ்ந்தது. அறுவடை முடிந்ததும் வெறும் அரிதாள், வெடித்த மண். உச்சம் திரும்ப ஏறியது. அந்த ஏற்றத்தில் காலநிலை எவ்வளவு, நிலம் எவ்வளவு? ஒவ்வொரு ஞாயிறும் நாலு திசைக்கும் படம் எடுத்து, நிலத்தின் நிலையைக் கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஆவணியில் தட்டுகளுக்குள் குளவி மண்கூடு கட்டி, உச்சம் தாமதமாக வந்ததையும் அந்தப் படங்களில் ஒன்றுதான் காட்டித் தந்தது.

மழைக்கு இன்னும் பெரிதாக எதுவும் செய்யவில்லை. 20 சென்ரிமீற்றர் வாயுள்ள புனலும் போத்தலும்தான். 31.4 மில்லிலீற்றர் சேர்ந்தால் 1 மில்லிமீற்றர். திணைக்களத்தைப் போலவே காலை 8.30க்கு அளக்கிறேன். மாரி தொடங்க முன் புனலைத் தென்னையிலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

நாலாவது பெட்டிக்குத் தட்டுகள் வெட்டியாயிற்று. கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே, கிருலப்பனைப் பக்கம், புல் இருக்கிற வளவு ஒன்றை மருமகன் தேடுகிறான்.