கறுப்பு டிரஸ், ராணுவ மெடல்: லண்டன்ல ஷெவாலியே தேயோனைப் பாத்தோம்

லண்டன் போறவங்க பெரும்பாலும் ட்ரஃபால்கர் ஸ்கொயர்ல நேஷனல் கேலரிய பாத்துட்டு கிளம்பிடுவாங்க, அதை ஒட்டினாப்லயே பின்பக்கம் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரி இருக்கு, உள்ள போக காசு கிடையாது, மூணு வருஷம் மூடி வச்சு புதுப்பிச்சு 2023 ஜூன்ல மறுபடி திறந்தாங்க. ராஜா, ராணி, பிரபு, தளபதினு சுவரு பூரா முகங்கதான். நானும் என் பார்ட்னரும் முக்கியமா போனது ஒருத்தரைப் பாக்க. ஷெவாலியே தேயோன், பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர், ஆணா வளர்ந்து பிறகு பெண்ணா வாழ்ந்தவர். ஷெவாலியேங்கிறது ஒரு பட்டம்.

பிரமாண்டமான படமெல்லாம் இல்ல, இடுப்புக்கு மேல மட்டும்தான். 1792ல தாமஸ் ஸ்டூவர்ட் வரைஞ்சது, மோனியேங்கிற பிரெஞ்சு ஓவியரோட படத்தைப் பாத்து வரைஞ்சது. கறுப்பு டிரஸ், கழுத்துல வெள்ளைத் துணி, பெரிய தொப்பி, அதுல இறகு, கூடவே பிரெஞ்சுப் புரட்சியோட மூவர்ண ரிப்பன் பூ. நெஞ்சுல செயின்ட் லூயி சிலுவை, அது அந்தக் காலத்துல பிரெஞ்சு ராணுவ அதிகாரிகளுக்குக் கொடுத்த மெடல். இன்னும் கிட்டப் போனா தாடைப் பக்கம் லேசா ஒரு நீலச் சாம்பல் நிழல், சவரம் பண்ணின முகத்துல சாயங்காலம் தெரியுமே அது. அறுபதைத் தாண்டின முகம், நேரா, அமைதியா இருக்கு. ஓவியர் நினைச்சிருந்தா அந்த நிழல் மேல ரெண்டு தடவை பிரஷ்ஷ ஓட்டி மறைச்சிருக்கலாம், மறைக்கல. எனக்கு அந்த இடத்தை விட்டு நகரவே மனசு வரல.

அவர் கதை தெரிஞ்சாதான் இந்தப் படம் புரியும். 1728ல பிரான்ஸ்ல பிறந்தவர், ஏழாண்டுப் போர்ல டிராகூன்ங்கிற குதிரைப்படையில கேப்டன், பதினஞ்சாம் லூயி ராஜாவோட ரகசிய உளவாளி, அந்தப் போரை முடிச்ச 1763 பாரிஸ் சமாதான ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில வேலை பாத்தவர், அந்த மெடல் வந்தது அப்போதான். அப்புறம் லண்டன்ல தூதரக வேலையில இருந்தப்போ மேலிடத்தோட சண்டை, ரகசியக் கடிதங்களை புத்தகமாவே போட்டுட்டார். 1770கள்ல லண்டன் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச்ல இவர் ஆணா பொண்ணானு பணம் கட்டி பந்தயம். ஒரு மனுஷனோட உடம்பை வச்சு சூதாட்டம்! உடம்பைக் காட்டுங்கனு கேட்டாங்க, அது அவமானம்னு கடைசி வரை மறுத்துட்டார். 1777ல அந்தப் பந்தயப் பணத்துக்காக யாரோ ரெண்டு பேர் கோர்ட்டுக்கே போயி, நீதிபதி மேன்ஸ்ஃபீல்ட் பிரபு முன்னாடி விசாரணை நடந்து, தேயோன் பெண்தான்னு முடிவாச்சு.

அதே வருஷம் அடுத்த பிரெஞ்சு ராஜா பதினாறாம் லூயி, தேயோன் பெண்ணுடையிலதான் இருக்கணும்னு உத்தரவு போட்டார். தேயோனுக்கு ராணுவ யூனிஃபார்மை விட மனசே இல்ல, பெண்ணா இருக்கேன் ஆனா படைவீரராவும் இருக்கேன்ங்கிறதுதான் அவர் நிலை, மெடலை மட்டும் விட்டுக் கொடுக்கல. இதைப் படிச்சிட்டு சில பேர் 'ராஜா சொன்னதாலதானே சேலை மாத்தினாப்ல மாத்திக்கிட்டார்'னு ஈஸியா முடிச்சிடுறாங்க, எனக்கு அதுல உடன்பாடே இல்ல, ஏன்னா 1785ல லண்டன் திரும்பிட்டார், அப்புறம் புரட்சி வந்து பிரெஞ்சு ராஜாவோட பென்ஷனும் போச்சு, ராஜாவும் போயிட்டார், யாரும் இவரைக் கட்டாயப்படுத்தல, ஆனாலும் 1810ல சாகுற வரைக்கும் பெண்ணாத்தான் வாழ்ந்தார். வயித்துப்பாட்டுக்கு டிரஸ்ஸோடயே வாள் சண்டை போட்டுக் காட்டினார். 1787ல லண்டன்ல கார்ல்டன் ஹவுஸ் மாளிகையில பிரிட்டிஷ் இளவரசர் முன்னாடி செயின்ட் ஜார்ஜஸோட மோதினது ரொம்ப பிரபலம், செயின்ட் ஜார்ஜஸ் கரீபியன் தீவான குவாடலூப்ல ஒரு அடிமைப் பெண்ணுக்குப் பிறந்த பெரிய இசைக்கலைஞர், வாள் வீரர். 1792ல, அதாவது இந்தப் படம் வரைஞ்ச அதே வருஷம், பெண்கள் படை ஒண்ணை நான் நடத்துறேன்னு பிரெஞ்சு சட்டசபைக்கு எழுதினார்.

செத்த பிறகு டாக்டருங்க உடம்பை சோதிச்சு ஆண் உறுப்பு இருக்குனு எழுதி வச்சாங்க. உயிரோட இருந்தப்போ அவர் யாருக்கும் அனுமதிக்காத ஒண்ணு அது. அந்த ரிப்போர்ட்டத்தான் 'உண்மை'னு எடுத்து எழுதுற கட்டுரைங்களைப் படிச்சா எனக்கு இன்னைக்கும் கோவம் வரும். தன்னைப் பத்தி அவர் சொல்ல விரும்பினது இந்தப் படத்துல இருக்கு, டிரஸ், மெடல், ரிப்பன், தாடை நிழல் எல்லாம் சேர்த்துத்தான் அவர், எதையும் கழிக்க வேண்டியதில்ல.

இந்தப் படத்தையே ரொம்ப காலம் யாரோ ஒரு தொப்பி போட்ட பெண்மணினு நினைச்சிருந்தாங்க. லண்டன் ஓவிய வியாபாரி பிலிப் மோல்ட் வாங்கி சுத்தம் பண்ணினப்போதான் அந்த நிழலும் ஸ்டூவர்ட்டோட கையெழுத்தும் தெளிவாச்சு, 2012ல கேலரி வாங்கிடுச்சு.

அதே கேலரில எட்வர்ட் கார்பென்டர்ங்கிற ஆங்கில எழுத்தாளர் படமும் இருக்கு, ரோஜர் ஃப்ரை 1894ல வரைஞ்சது, நீள ஓவர்கோட்டோட ஒல்லியா நிக்கிறார். ஷெஃபீல்ட் பக்கம் மில்தோர்ப்லயும் கடைசி வருஷங்கள்ல கில்ஃபோர்ட்லயும் ஜார்ஜ் மெரில்ங்கிற தொழிலாளியோட ஒளிவு மறைவில்லாம முப்பது வருஷம் கிட்ட சேர்ந்து வாழ்ந்தவர், ஆண்களோட உறவு வச்சதுக்காக எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டை ஜெயில்ல போட்ட அதே நாட்டுல. நம்ம இலங்கைத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் அருணாசலத்துக்கு நெருங்கின நண்பர், 1890ல இலங்கைக்கு வந்து ஒரு தமிழ் ஞானிகிட்ட பாடம் கேட்டவர். என் பார்ட்னர் இதை அங்கதான் முதல் தடவை கேள்விப்பட்டா, கொஞ்ச நேரம் பேசவே இல்ல. எங்க ரெண்டு பேர் வீட்டு ஹால்லயும் எங்க போட்டோ கிடையாது, போன்ல மட்டும்தான்.

மறுநாள் செயின்ட் பாங்க்ராஸ் ஓல்ட் சர்ச், கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷன்லேர்ந்து நடந்தே போயிடலாம். தேயோனைப் புதைச்ச இடம் அந்த சர்ச்சோட மயானம்தான், ரயில் பாதைக்காக அதைத் தோண்டினதுல நிறைய கல்லறை போயிடுச்சு. அப்படிக் கல்லறை இழந்தவங்களுக்காக பர்டெட் கூட்ஸ் சீமாட்டி ஒரு நினைவுத் தூண் வச்சாங்க, சூரிய கடிகாரத்தோட, அதுல தேயோன் பேரும் செதுக்கியிருக்கு. 1966லேர்ந்து பிரிட்டன்ல டிரான்ஸ் மக்களுக்காக நடக்கிற போமான்ட் சொசைட்டிக்கும் இவரோட பேரைத்தான் வச்சிருக்காங்க, முழுப் பேர்ல வர்ற போமான்ட். கேலரில படங்களை மாத்தி மாத்தி வைப்பாங்க, போறவங்க வெப்சைட்ல செக் பண்ணிட்டுப் போங்க. எங்களுக்கு அடுத்து பர்கண்டில டோனேர் போகணும், அவர் பிறந்த ஊர்.